பதினான்காம் கூறு

ஜனவரி 8, திங்கள்

காலையில் உறைபனி. வாசல் புல் வெள்ளையாகக் கிடந்தது. ஒன்பது மணிக்குள் கரைந்துவிட்டது. குழாய் இறுகிப்போயிருந்ததால் மூக்கம்மாள் வெந்நீர் ஊற்றித் திறந்தாள்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் வரதராசு பத்து மணிக்கு வருவதாகச் சொல்லிப் பத்தரைக்கு வந்தார். தங்கும் விடுதி நடத்துகிறவர். அறுபது வயதிருக்கும், எண்பது வயதுக்காரியான என்னை ஆன்ட்டி என்கிறார். திருமதி இன்னாசிமுத்து என்று கூப்பிட்டால் போதும் என்றேன். "சரி ஆன்ட்டி" என்றார்.

வந்த விஷயம் இது. ஊருக்கு மேலே நிற்கும் பைன் காட்டை வனத்துறை வெட்டப்போகிறது, அறுபது ஏக்கரையும். வெளிநாட்டு மரம், மலையின் தண்ணீரைக் குடிக்கிறது, அதை எடுத்துவிட்டுப் பழைய புல்வெளியை மீட்க வேண்டும் என்று அரசு அமைத்த ஒரு குழு எழுதிக் கொடுத்திருக்கிறதாம். அடுத்த மாதம் இருபதாம் தேதி ஊராட்சி மன்றத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். பைன் காட்டைப் பார்க்கத்தான் சுற்றுலாக்காரர்கள் வருகிறார்கள் என்பதால் சங்கம் எதிர்க்கிறது. எதிர்ப்பதற்கு ஒரு வரலாறு வேண்டும். எழுதித் தர முடியுமா என்று கேட்டார்.

ஒப்புக்கொண்டேன். விடுதிகளுக்காக அல்ல. அது என் கணவர் இங்கே ரேஞ்சராக இருந்தபோது நட்ட காடு. அவர் போய் நான்கு ஆண்டுகளாகின்றன. கல்லறையில் அவருக்கு ஒரு பெயரும் இரண்டு தேதிகளும் இருக்கின்றன. மற்றதெல்லாம் மேலே நிற்கிறது. அதை வெட்ட விடுவதாக இல்லை.

வனத்துறை வரைபடத்தில் அந்தக் காடு நான்கு கூறுகள்: பதினொன்று முதல் பதினான்கு வரை. ஒவ்வொன்றாக நடந்து பார்த்து, பார்த்ததை அன்றன்றே இதில் எழுதப்போகிறேன். ஞாபகத்தை நம்பி எழுதுவது சோம்பேறிகளின் வழக்கம் என்று கான்வென்டில் மதர் பெனடிக்டா சொல்வார்.

ஜனவரி 9, செவ்வாய்

பதினொன்றாம் கூறு. மூக்கம்மாள் குடையும் பையும் தூக்கிக்கொண்டு கூட வந்தாள். கீழே இருக்கும் குடியிருப்பைச் சேர்ந்தவள், அறுபத்திரண்டு வயது, பதினேழு ஆண்டுகளாக என் வீட்டில் வேலை செய்கிறாள். ஏற்றத்தில் எட்டு இடங்களில் நின்றேன், மரங்களைப் பார்ப்பதற்காக. எட்டாவது இடத்தில் மூக்கம்மாள், "மரத்தப் பாத்தாச்சா, மூச்சு வந்திருச்சா?" என்று கேட்டாள்.

உள்ளே நுழைந்ததும் சத்தம் அடங்கிவிடுகிறது. நம் காலடி நமக்கே கேட்பதில்லை. குடை நுனியால் தரையைக் குத்தி அளந்தேன், நான்கு விரற்கடை ஆழத்துக்கு ஊசியிலைச் சருகு. மேலே செம்பழுப்பு, நடுவில் கறுப்பு, அடியில் வெள்ளை நூல் போலப் பூஞ்சை. 

ஓர் இடத்தில் நின்றால் மரங்கள் எல்லாம் நேர் வரிசையில் தெரிகின்றன. இரண்டடி நகர்ந்தால் வரிசை கலைந்து, வெறும் காடு. இன்னும் இரண்டடி, மறுபடியும் வரிசை, இம்முறை குறுக்காக. ஆறரை அடிக்கு ஒரு மரம். கயிறு பிடித்து, முளை அடித்து, குழி எடுத்து நட்டது. இவ்வளவு ஒழுங்கைக் காட்டில் பார்ப்பது அரிது. எனக்குப் பிடித்திருக்கிறது.

ஜனவரி 12, வெள்ளி

பன்னிரண்டாம் கூறு. கீழே விழுந்த ஊசியிலைக் கொத்துகளில் நாற்பதை எடுத்து எண்ணினேன். முப்பத்தேழில் மூன்று மூன்று ஊசிகள். மூன்றில் மட்டும் நான்கு. இலைகள் நிமிர்ந்து நிற்காமல் ஈரத் தலைமுடி போலத் தொங்குகின்றன. காய்கள் கிளையை ஒட்டிக் கொத்தாக, பழுத்த பிறகும் மூடியபடி, ஆண்டுக்கணக்கில் இருக்கும். இது மெக்சிகோ மலைகளின் மரம். அங்கே காட்டுத்தீ வந்தால்தான் காய் நன்றாகத் திறக்குமாம். இங்கே தீக்காகக் காத்திருக்கின்றன போலும்.

காற்று வரும்போது தூரத்தில் மழை தொடங்குவது போன்ற ஓசை. மூக்கம்மாள் இரண்டு முறை வானத்தைப் பார்த்தாள். கொடியில் துணி காய்கிறது.

காட்டுமாடுகள் ஆறு, மரங்களுக்கு நடுவே. சிலை போல நின்று எங்களைப் பார்த்தன. "ஒன்னும் பேசாம நில்லுங்க, உங்களுக்கு அது கஷ்டந்தான்" என்றாள் மூக்கம்மாள், மெதுவாக. நான் பேசவில்லை. அவை போய்விட்டன.

ஒன்றரை மணி நேரத்தில் கேட்ட பறவை ஒன்றே ஒன்று: சீகாரப் பூங்குருவி, அதுவும் ஓடைப் பக்கத்திலிருந்து. இதை வரலாற்றில் சேர்க்க வேண்டியதில்லை.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். மூக்கம்மாள் தூக்கில் கொண்டுவந்து கொடுத்தாள். முந்திரி அதிகம். நடக்கவில்லை.

ஜனவரி 17, புதன்

பதின்மூன்றாம் கூறு முடிந்தது. மாலையில் வரலாற்றை எழுதத் தொடங்கினேன். இதைச் சேர்த்திருக்கிறேன்:

முதலாண்டு நாற்றங்காலில் விதை நன்றாக முளைத்தது. விரல் உயரம் வந்ததும் நாற்றுகள் மஞ்சளாகி நின்றுவிட்டன. உரம் போட்டார்கள், நிழல் கட்டினார்கள், பயனில்லை. கடைசியில் என் கணவர் நாற்பது மைல் ஜீப்பில் போய், வேறொரு மலையில் முன்பே வளர்ந்திருந்த பைன் மரங்களின் அடி மண்ணைச் சாக்கில் கொண்டுவந்து ஒவ்வொரு நாற்றுக்கும் ஒரு கைப்பிடி போட்டார். ஒரு மாதத்தில் பச்சை திரும்பியது. அந்த மண்ணில் இருக்கும் பூஞ்சை இல்லாமல் பைன் வேர் உணவெடுக்காது. புது ஊருக்கு வரும் மரம் பழைய ஊர் மண்ணோடுதான் வர வேண்டும்.

மேலதிகாரிகள் புத்தகத்தில் தேடிக்கொண்டிருந்ததை அவர் சாக்கில் கொண்டுவந்தார். இதற்குப் பாராட்டுக் கடிதம் எதுவும் வரவில்லை. அவர் எதிர்பார்க்கவுமில்லை. நான் எதிர்பார்த்தேன்.

1971 ஜூன், ஜூலை மழையில் அறுபது ஏக்கரும் நடப்பட்டது. மூக்கம்மாளின் அம்மா குழி எடுத்தவர்களில் ஒருத்தி. ஒன்பது வயது மூக்கம்மாள் கூடையில் நாற்று சுமந்திருக்கிறாள். அதைக் கேட்டதும் வரலாற்றில் அவள் பெயரையும் போடுகிறேன் என்றேன். "போடுங்க, வெட்டுறப்ப என்னையும் கூப்பிடுவாக" என்றாள்.

ஜனவரி 22, திங்கள்

வரதராசு ஒரு மர வட்டத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார். டிசம்பர் காற்றில் பன்னிரண்டாம் கூறில் விழுந்த மரத்தின் அடியிலிருந்து அறுத்து இழைத்தது. பத்து வளையத்துக்கு ஒரு குண்டூசி. மொத்தம் நூற்று நான்கு.

"வெள்ளைக்காரன் வச்ச காடு ஆன்ட்டி. கவலையே வேண்டாம்" என்றார். குழுவின் விதிப்படியே நூறு ஆண்டு கடந்த மரக்கூட்டத்தைப் பாரம்பரியத் தோப்பு என்று விட்டுவிட வேண்டுமாம். வனத்துறையிடம் அந்தக் காலத்துப் பதிவேடு எதுவும் மிஞ்சவில்லை என்று விசாரித்துவிட்டார். ஆகவே வளையம்தான் சாட்சி. என் வரைவில் 1971 என்று வரும் வரியை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். உங்கள் வீட்டுக்காரர் அதற்குப் பிறகு காட்டைப் பராமரித்தார் என்று போட்டுக்கொள்ளலாமாம்.

அவர் போன பிறகு பூதக்கண்ணாடி வைத்து நானும் எண்ணினேன். நூற்று நான்கு சரி.

இந்த மலையில் ஆண்டுக்கு இரண்டு மழை. ஜூனில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று, நடுவே ஒரு வெயில் காய்ச்சல். ஒவ்வொரு மழைக்கும் மரம் ஒரு முறை பெருக்கும், காய்ச்சலில் நிற்கும். பனிக்கால நாடுகளில் போல ஆண்டுக்கு ஒரு வளையம் என்று இங்கே எண்ணக் கூடாது. ஆண்டுக்கு இரண்டு. இதை என் கணவர் எனக்குச் சொல்லியிருக்கிறார். நூற்று நான்கில் பாதி ஐம்பத்திரண்டு. நட்ட ஆண்டிலிருந்து கணக்கு சரியாக வருகிறது.

வரதராசு இதைக் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாமலிருப்பது பொய் ஆகாது. மறைக்கல்வியில் படித்திருக்கிறேன்.

மரம் நிற்க வேண்டுமென்றால் அதை நட்டவர் பெயர் போக வேண்டும். இரண்டில் எது பெரிது என்று இன்று முழுவதும் யோசித்தேன்.

ஜனவரி 23, செவ்வாய்

அந்த வரியை எடுத்துவிட்டேன்.

ஜனவரி 29, திங்கள்

பதினான்காம் கூறு பாக்கி. ஏற்றம் அதிகம், முழங்கால் வலிக்கிறது, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றேன். "ஊத்துப்பள்ளத்துக்கு என்னம்மா ஏத்தம்? அது பள்ளமில்ல? வீட்டுல இருந்து அதான் கிட்டக்க" என்றாள் மூக்கம்மாள். அவர்கள் அதைப் பதினான்கு என்று சொல்வதில்லை.

என் கணவரும் ஓய்வுபெற்று இந்த வீட்டைக் கட்டிய பிறகு அந்தப் பக்கம் போனதில்லை. நாற்காலியையும் திருப்பித்தான் போட்டுக்கொள்வார். வெயில் கண்ணில் படுகிறது என்பார். அந்தப் பக்கம் வடக்கு.

பிப்ரவரி 2, வெள்ளி

இப்போதைய ரேஞ்சர் வந்தார். சங்கரகோமதி என்ற பெண், முப்பத்தைந்து வயதுக்குள், திருநெல்வேலிப் பக்கம். ஷூவை வாசலில் கழற்றி, சேறில்லாமல் தட்டி வைத்துவிட்டு உள்ளே வந்தார். நின்றுகொண்டே பேசுகிறேன் என்றவரை உட்காரச் சொன்னேன்.

ரேஞ்ச் அலுவலகத்துப் பழைய பதிவேடுகளைக் கரையான் தின்றுவிட்டது. காடு நட்ட ஆண்டு குறித்து எழுத்தில் எதுவுமில்லை. ஐயா காலத்துத் தாள்கள் ஏதாவது என்னிடம் இருக்குமா என்று கேட்டார். தேடிப் பார்க்கிறேன் என்றேன்.

பெட்டி என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. சாவி செபமாலையோடு கோத்திருக்கிறது.

போகும்போது அவர், "ஐயா ரொம்ப நேர்மையானவர்னு இன்னமும் வாட்சர்கள் சொல்றாங்கம்மா" என்றார். நன்றி சொன்னேன். காபிக்குச் சர்க்கரை வேண்டாம் என்றவருக்கு மூக்கம்மாள் இரண்டு கரண்டி போட்டிருந்தாள். ஒன்றும் சொல்லாமல் குடித்தார்.

பிப்ரவரி 6, செவ்வாய்

பதினான்காம் கூறு. பதினான்கு ஏக்கர். வீட்டிலிருந்து பன்னிரண்டு நிமிடம். எங்கும் நிற்க வேண்டியிருக்கவில்லை.

மற்ற மூன்று கூறுகளையும்விட இங்கே மரங்கள் பருமன். நெஞ்சு உயரத்தில் நாடா வைத்து ஐந்தை அளந்தேன், ஐந்துமே ஆறடிச் சுற்றளவுக்கு மேல். அடியில் ஈரம் இருந்திருக்க வேண்டும். நிழலில் வேறு கன்றுகளும் முளைத்திருக்கின்றன: காட்டு நாவல், பேர் தெரியாத பளபளப்பு இலைச் செடி ஒன்று, இன்னும் நான்கைந்து வகை. பக்கத்துச் சோலையிலிருந்து குருவிகள் விதை போட்டிருக்கும். மேற்கு விளிம்பில் வெளிச்சம் விழும் இடத்தில் ஒரு காட்டுப் பூவரசு, முழுக்கச் சிவப்பாகப் பூத்திருக்கிறது. அது இந்த மலையின் பழைய புல்வெளி மரம். மூன்று பக்கமும் பைன் நெருக்கியும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுவிட்டது.

நடுவில் ஒரு குழிவு. சருகு மூடியிருந்தது. அங்கே மூக்கம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டுக் குந்தினாள். ஊற்று அங்கேதான் எங்கேயோ இருந்ததாம். கோடையிலும் வற்றாது, ஆள் உயரப் புல்லுக்குள்ளே கண் மட்டும் தெரியுமாம். கீழ்க் குடியிருப்புக்கு அதுதான் குடிதண்ணீர். மாடுகளும் அங்கேதான் மேய்ந்தன. மரம் வைத்துப் பன்னிரண்டாவது வருசம் கோடையில் தண்ணீர் நின்றது, அடுத்த வருசம் மழையிலும் வரவில்லை. பிறகு பெண்கள் கீழே ஆற்றுக்கு இறங்கி ஏறினார்கள், போக வர மூன்று மைல். குழாய் வந்தது இருபது ஆண்டு கழித்து. அவள் அம்மாவின் இடுப்பு அதில்தான் போயிற்று. 

இதையெல்லாம் கோபமில்லாமல்தான் சொன்னாள், பருவம் தப்பிய மழையைப் பற்றிச் சொல்வது போல.

"கூலி குடுத்தாக, குழி வெட்டுனோம். எங்க தண்ணிய நாங்களே மூடியிருக்கோம், அந்தக் கூத்தப் பாருங்க" என்று சிரித்தாள்.

திரும்பும்போது மூன்று இடங்களில் நின்றேன்.

பிப்ரவரி 8, வியாழன்

பெட்டியைத் திறந்தேன். 1971 நடவுக் குறிப்பேடு, கார்பன் நகல், இருபத்திரண்டு பக்கம். மேல் பிரதி அலுவலகத்துக்குப் போனது. கரையான் தின்றது அதைத்தான். நகல் நன்றாக இருக்கிறது. நீல மை எங்கும் மங்கவில்லை.

கையெழுத்து என்னுடையது. என் கணவருக்கு ஆங்கிலக் கையெழுத்து வராது. கோழி கிளறியது போல இருக்கும். கலியாணமான நாளிலிருந்து அவருடைய அறிக்கைகள் எல்லாவற்றையும் நான்தான் சுத்தப் பிரதி எடுத்தேன். அவர் பென்சிலில் எழுதித் தருவார், நான் மையில் எழுதுவேன், அவர் கீழே கையெழுத்திடுவார். மாவட்ட அதிகாரி ஒருமுறை இந்தக் கையெழுத்து யாருடையது என்று கேட்டாராம். ஒரு கிளார்க்குடையது என்று அவர் சொல்லிவிட்டு வந்தார். இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை.

ஒவ்வொரு கூறுக்கும் இரண்டு கட்டங்கள்: நிலத்தின் தற்போதைய நிலை, தற்போதைய பயன். மூன்று கூறுகளுக்குப் பென்சிலில் எழுதியிருந்தார். பதினான்குக்கு மட்டும் இரண்டையும் காலியாக விட்டிருந்தார். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். பென்சிலோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, பிறகு பார்க்கலாம் என்று வெளியே போனார். அந்த ஆண்டு அறுபது ஏக்கர் நட வேண்டும் என்று உத்தரவு. பதினான்கை விட்டால் நாற்பத்தாறுதான். மறுநாள் காலை தபால் போக வேண்டும்.

கான்வென்டில் எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது. விட்டால் மதிப்பெண் குறையும், தெரியாவிட்டால் யோசித்து எழுத வேண்டும். நான் யோசித்து எழுதினேன். நிலை: "வெற்றுப் புல்தரை." பயன்: "யாருக்கும் எப்பயனும் இல்லை."

அந்த இடத்தை அதுவரை நான் ஒரே ஒரு தடவை பார்த்திருந்தேன், ஜீப் கண்ணாடி வழியாக.

மாலையில் அவர் படித்தார். "எழுதிவிட்டாயா" என்றார். காலியாக எப்படி அனுப்புவது என்று கேட்டேன். அந்தப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்து கையெழுத்துப் போட்டார். அதைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகு நாற்பத்தொன்பது ஆண்டுகளும் பேசவில்லை.

அவர் ஏன் அந்த வடக்குப் பக்கத்தைப் பார்க்கவில்லை என்பதற்கு ஜனவரி 29இல் நான் எழுதிவைத்த வெயில் காரணத்தை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். நாட்குறிப்பில் அடிக்கக் கூடாது. இருக்கட்டும்.

பிப்ரவரி 14, புதன்

சாம்பல் புதன். கோயிலுக்குப் போய் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டேன். பாவசங்கீர்த்தனத்துக்கு நீண்ட வரிசை. நான் நிற்கவில்லை. ஃபாதருக்கு மரங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது.

பிப்ரவரி 18, ஞாயிறு

வரதராசு அச்சடித்த வரலாற்றைக் கொண்டுவந்தார். பன்னிரண்டு பக்கம், அட்டையில் பனிமூட்டம். "நூறாண்டு கண்ட காடு." எழுத்துப்பிழை ஒன்பது. எழுதியவர் என்று என் பெயர். என் கணவர் எட்டாம் பக்கத்தில், பராமரித்தவர்களில் ஒருவராக.

அட்டை அழகாக இருக்கிறது என்றேன். அது உண்மை.

பிப்ரவரி 20, செவ்வாய்

கூட்டம் பதினொன்றுக்குத் தொடங்கியது. முன்வரிசையில் சங்கத்தார். பின்னால் கீழ்க் குடியிருப்பிலிருந்து முப்பது பேர், மூக்கம்மாளும் இருந்தாள். மேசையில் ரேஞ்சரும் குழுவிலிருந்து இருவரும்.

வரதராசு மர வட்டத்தை மேசைமேல் வைத்துக் குண்டூசிகளை உரக்க எண்ணினார். நூற்று நான்கு. முன்வரிசை கை தட்டியது. ரேஞ்சர் சங்கரகோமதி, எங்களிடம் மாற்றுப் பதிவு எதுவும் இல்லை என்று ஒப்புக்கொண்டார். குழுக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அந்த நிமிடத்தில் காடு தப்பிவிட்டது. நான் உட்கார்ந்தே இருந்திருக்கலாம்.

எழுந்தேன். இந்த மலையில் பைன் ஆண்டுக்கு இரண்டு வளையம் போடும், மரத்துக்கு ஐம்பத்திரண்டு வயது என்றேன். பையிலிருந்து நகலை எடுத்து ரேஞ்சரிடம் கொடுத்தேன்.

வரதராசுவுக்கு முகம் மாறிவிட்டது. "ஆன்ட்டி, இது உங்க வீட்டுக்காரர் காடு" என்றார்.

"ஆமாம். அதனால்தான் அதன் வயது எனக்குத் தெரியும்" என்றேன்.

ரேஞ்சர் பக்கம் பக்கமாகப் படித்துத் தமிழில் சொன்னார். நடவுத் தேதி, நாற்று எண்ணிக்கை, மண் கொண்டுவந்த விவரம். பிறகு பதினான்காம் கூறுக்கு வந்தார். நிலை, வெற்றுப் புல்தரை. பயன், யாருக்கும் எப்பயனும் இல்லை. 

பின்னால் இருந்து ஒரு கிழவர் எழுந்தார். தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"யாருக்கும் இல்லன்னா, நாங்க யாரு?" என்றார். "அந்த ரேஞ்சரு வாராவாரம் எங்க ஊத்துல குனிஞ்சு தண்ணி குடிச்ச மனுசன். குடிச்சுப்புட்டா இப்படி எழுதுனாரு?"

எனக்கு அது தெரியாது. அவர் அந்தத் தண்ணீரைக் குடித்தது.

எல்லோரும் நகலின் கடைசியில் இருந்த அவருடைய கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் செத்துப்போனவர், இனி அவருக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை என்று யாராவது நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை.

"ரேஞ்சர் எழுதவில்லை. அந்தக் கட்டத்தை அவர் காலியாக விட்டிருந்தார். எழுதியவள் நான்" என்றேன்.

ரேஞ்சர் சங்கரகோமதி பேனாவை நிறுத்திவிட்டு, இதைக் கூட்டக் குறிப்பில் சேர்க்க வேண்டாமே அம்மா என்று மெதுவாகச் சொன்னார். சேர்க்க வேண்டும் என்றேன். பெயரை முழுதாக எழுதச் சொன்னேன்: செசிலியா இன்னாசிமுத்து. அவர் எழுதும் வரை நின்றேன்.

வெளியே வந்தபோது மூக்கம்மாள் இல்லை. குடையையும் பையையும் நானே எடுத்துக்கொண்டு வந்தேன்.

பிப்ரவரி 21, புதன்

மூக்கம்மாள் வரவில்லை. பால் பொங்கிவிட்டது.

பிப்ரவரி 22, வியாழன்

வரவில்லை. வரதராசு சாலையில் பார்த்தும் பார்க்காதது போலப் போனார். இந்த முறை ஆன்ட்டி என்று சொல்லவில்லை.

பிப்ரவரி 24, சனி

காலை எட்டுக்கு மூக்கம்மாள் வந்தாள். பாத்திரம் முழுவதையும் தேய்த்தாள். வீட்டைப் பெருக்கினாள். பிறகு அடுக்களை வாசலில் நின்றாள்.

"நீங்க சொல்லாட்டி யாருக்கும் தெரிஞ்சிருக்காது" என்றாள்.

"எனக்குத் தெரியுமே" என்றேன்.

"அது அம்பது வருசமாத் தெரியுமே."

அவள் என் தம்ளரை எடுத்துக் கழுவிவிட்டு, திங்கட்கிழமை நேரத்துக்கு வருகிறேன் என்று சொல்லிப் போனாள். 

மார்ச் 5, செவ்வாய்

குழுவின் முடிவு வந்தது. பதினான்காம் கூறு முதலில் வெட்டப்படும். கீழே முளைத்திருக்கும் சோலைக் கன்றுகள் நசுங்காமல், இயந்திரம் இறக்காமல், ஒவ்வொரு மரமாக. மற்ற மூன்றையும் ஐந்து ஆண்டு கழித்துப் பார்ப்பார்கள்.

ஐந்து ஆண்டில் எனக்கு எண்பத்தைந்து. அது என் கவலை அல்ல.

மார்ச் 18, திங்கள்

வெட்டு தொடங்கும் நாளென்று ரேஞ்சர் சங்கரகோமதி சொல்லி அனுப்பியிருந்தார். போக வேண்டாம் என்று இரண்டு நாள் முன்பே முடிவு செய்திருந்தேன். போனேன்.

எட்டு ஆட்கள், இரண்டு ரம்பம், வடக்கயிறு. முதல் மரம் பத்து மணிக்கு விழுந்தது. விழுவதற்கு முன் உச்சி சற்று நடுங்கும். அதன் பிறகுதான் கிழியும் ஓசை. விழுந்த இடத்தில் பிசின் வாசனை எழுந்து வெகுநேரம் நின்றது. மதியத்துக்குள் ஐந்து மரங்கள். தரையில் வெயில் விழுந்தது. சருகு அந்த இடத்தில் கண்கூசும்படி சிவந்து கிடந்தது.

கீழ்க் குடியிருப்புப் பெண்கள் கிளைகளைக் கழித்து விறகுக்குக் கட்டினார்கள். யாரும் என்னோடு பேசவில்லை. ஒருத்தி உட்கார ஒரு கட்டையை என் பக்கம் தள்ளினாள். 

ஆறாவது மரம் குழிவை நோக்கிச் சாய்ந்திருந்தது. வெட்டுகிறவர்கள் நின்றுவிட்டார்கள். ஊற்றுக்கண் இருந்த இடத்தின்மேல் மரம் விழுந்து மண் இறுகினால் பிறகு தண்ணீர் திரும்பாது என்று ரேஞ்சர் சொல்லியிருக்கிறார். திரும்பும் என்பதும் உறுதியில்லை. ஊற்று சரியாக எந்த இடம் என்று தெரிந்தால் கல் வைத்துக் குறித்துவிடலாம். ரேஞ்சர் வரைபடத்தை விரித்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"எனக்குத் தெரியாது. மூக்கம்மாளைக் கேளுங்கள்" என்றேன்.

மூக்கம்மாள் வரைபடத்தைப் பார்க்கவில்லை. இடுப்புச் சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு, கையிலிருந்த தூக்குவாளியையும் செருப்பையும் வைக்க இடம் தேடினாள். எங்கும் சிலாம்பும் பிசினும். நான் கையை நீட்டினேன். கொடுத்தாள்.

குழிவில் இறங்கி இப்படியும் அப்படியுமாகக் காலால் சருகை விலக்கிக்கொண்டே நடந்தாள். எல்லோரும் காத்திருந்தார்கள். மிகவும் மெதுவாக நடந்தாள். நான் தூக்கையும் செருப்பையும் பிடித்துக்கொண்டு நின்றேன்.